முப்பத்தோராவது ஒயர்

ஊஞ்சக்காட்டுவலசில், டிரைவரம்மா துளசிமணியின் நீலக் காரிலிருந்து முப்பத்தொரு ஒயர்களும் இறங்கித் தெருவழியே போனது ஒரு புதன்கிழமை காலையில், பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதற்குப் பின்பு, முதல் டவுன் பஸ் வருவதற்குச் சற்று முன்பு என்று ஊரில் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்வார்கள். அதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எந்த ஒயர் எந்த வீட்டுக்கு முதலில் போனது என்பதில்தான் இன்றுவரைக்கும் சண்டை.

ஒயர்கள் கோபித்துக்கொண்டதற்கு முழுக் காரணம் ஒயர்மேன் நாச்சிமுத்து. ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகாத கட்டை, நாற்பது வருஷமாக லாரிகளுக்கு ஒயரிங் செய்கிற கை. இரண்டு ஒயரின் தோலை உரித்து, செம்பை ஒன்றோடொன்று முறுக்கி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றிப் பல்லால் கடித்து அறுத்தாரென்றால், அந்த முறுக்கு அஸ்ஸாம் போய் வந்தாலும் அவிழாது, ஆந்திரா மழையில் நின்றாலும் அவிழாது, லாரியே உடைந்து பழைய இரும்புக்குப் போனாலும் முறுக்கு மட்டும் குத்துக்கல்லாட்டம் இருக்கும். கனெக்டர் என்பது கைவராதவன் வாங்குகிற சாமான் என்பது அவர் கட்சி. அப்படிப்பட்டவர் துளசிமணியின் காருக்காக மட்டும் ஒரு மாதம் கனெக்டர் தேடி அலைந்தார். ஏனென்று கேட்டவர்களிடம், "சீமை வண்டி, அதுக்குண்டான மருவாதி இருக்குதல்ல?" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அது ஒரு காலத்தில் டாக்டரம்மாவின் கார். டாக்டரம்மா பிரசவம் பார்க்கப் போகும் ஊர்களுக்கெல்லாம் அதை ஓட்டியவர் துளசிமணி. டாக்டரம்மா கண்ணை மூடும்போது வண்டியைத் துளசிமணி பேருக்கு எழுதிவைத்தார். வண்டி இருந்தால் ஆச்சா, வயிற்றுப்பாட்டுக்கு வழி வேண்டாமா? ஈரோட்டில் ஒரு காலேஜ் வேன் ஓட்டத் துளசிமணி போய்விட, கார் சந்தைத் திடலில் புளியமரத்தடியில் இருபத்திரண்டு வருஷம் நின்றது. ஊஞ்சக்காட்டுவலசுக்காரர்கள் அடுத்தவன் காட்டில் ஒரு பருத்திக்காயைத் தொடமாட்டார்கள், தேங்காய் வேலி தாண்டி விழுந்தாலும் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஆனால் நின்ற வண்டி ஊருக்குப் பொது என்பது அவர்களுடைய எழுதாத சட்டம், அது திருட்டில் சேர்த்தியில்லை. அந்தக் காரின் ஒயர் நுனிகளில் பட்டாணி அளவில் ஒரு பித்தளைத் தோட்டா இருக்கும், அதை மாட்டுவதற்கு உள்ளே குழல் வைத்த கறுப்பு ரப்பர் உறை இருக்கும், இரண்டையும் சேர்த்து ஊரார் தோட்டா என்றே சொன்னார்கள், அது எதற்கும் ஆகிற சாமானாக இருந்தது. தறிக்கு ஒன்று, டியூப்லைட்டுக்கு ஒன்று, மாரியம்மன் கோவில் மைக் செட்டுக்கு ரெண்டு, கிணற்று மோட்டாருக்கு ஒன்று என்று போய்ப் போய், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, காரில் ஒரு தோட்டாகூட மிச்சமில்லை.

ஐம்பத்தைந்தாவது வயதில் வேன் வேலையை விட்டுவிட்டு ஒற்றைக்கட்டையாகவே ஊர் திரும்பிய துளசிமணி, காரை நான்கு பேரை வைத்துத் தள்ளி நாச்சிமுத்துவின் பட்டறை வாசலில் நிறுத்தினார்.

"ஏனுங் ஒயர்மேன், எஞ்சின் ஈரோட்டு மெக்கானிக்கு வந்து பாத்துட்டாருங்க, ஓடுது. ஒயரிங்தான் பாக்கி. அடுத்த மாசம் ரெண்டாவது வியாழக்கெழம எப்சி. பிரேக் இன்ஸ்பெக்டர் பாக்கறப்ப ஒரு லைட்டு எரியலீன்னாலும், ஆரன் அடிக்கலீன்னாலும் நம்பரை ரத்துப் பண்ணி, வண்டிய ஒடைக்கக் குடுத்தர்றாங்களாமா."

"எப்சி பண்ணி என்னுங்க பண்ணப் போறீங்க, டிரைவரம்மா?"

"தனுஷ்கோடில ரோடு முடிஞ்சே போயிருதாமா. நா ஓட்டுன ரோடெல்லாம் எட்டு மைலு போயித் திரும்பி வர்ற ரோடுங்க. முடியற ரோடு ஒண்ணுல ஓட்டிப் பாக்கோணும். அவ்வளவுதான் என்ற ஆசை."

நாச்சிமுத்து அன்றைக்கே பஸ் ஏறினார். கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார், சென்னை புதுப்பேட்டையில் மூன்று நாள் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிளறினார். தோட்டா இல்லாமலில்லை, எல்லாம் இந்தக் காலத்து அளவு. பழைய சீமை அளவுக்கு ஒரு மயிரிழை சன்னம், உறைக்குள் போட்டால் லொடலொடவென்று ஆடும், மேட்டில் ஏறினால் ஒரு லைட்டும் பள்ளத்தில் இறங்கினால் இன்னொரு லைட்டும் அணையும். எப்சிக்கு ஒன்பது நாள் இருக்கையில், வேறு வழியில்லாமல், முப்பத்தொரு ஒயரையும் தன் வழக்கப்படி உரித்து, முறுக்கி, டேப் சுற்றிப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பொய் சொல்லக்கூடாது, முறுக்கும்போதே அவருக்கு மனசு ஒப்பவில்லை.

ஒயர்களுக்கும் ஒப்பவில்லை. காலையில் அவர் பட்டறைக்கு வந்தபோது, டேப்பெல்லாம் தரையில் சுருண்டு கிடக்க, நாற்பது வருஷத்தில் முதல்தடவையாக நாச்சிமுத்துவின் முறுக்கு அவிழ்ந்திருக்க, ஒயர்கள் காரின் முன்வாய் வழியாக இறங்கி, காவியும் கறுப்பும் சிவப்பும் நீலமும் பச்சையும் வெள்ளையும் ஊதாவுமாக, ஒரு முனை காரிலேயே இருக்க, மறுமுனை நீண்டு நீண்டு நீண்டு, சாக்கடையைத் தாண்டி, ரேஷன் கடையைச் சுற்றி, பிள்ளையாருக்கு இடப்பக்கமாக ஒதுங்கி, அவையவை ஒரு வீட்டைத் தேடிப்போய், வாசற்படிக்கு ஒரு சாண் இந்தப் பக்கம், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் விருந்தாளி போல நின்றன.

வாசல் தெளிக்க வந்த பெண்கள் ஒயரின் மேல் தண்ணீர் படாமல் தெளித்து, அதைச் சுற்றிக் கோலத்தை வளைத்துப் போட்டார்கள். டவுன் பஸ் வந்தபோது கண்டக்டர் இறங்கி, துணி உலர்த்தும் மூங்கிலால் ஒயர்களைத் தூக்கிப் பிடிக்க, பஸ் அடியில் குனிந்தாற்போலப் போனது. கரண்ட் ஆபீஸ் லைன்மேன் டெஸ்டரை வைத்துப் பார்த்து, "இதுல கரண்ட் இல்லீங், நடக்கற ஒயருதான், பயப்பட ஒண்ணுமில்லீங்" என்று சொல்லி, முக்கு திரும்பும் இடங்களில் யாரும் மிதிக்காமல் இரண்டு குச்சி நட்டுவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் தாழ்வான ஒயர்களில் துண்டு காயப்போட்டிருந்தார்கள். என்ன ஏது என்று கேட்க ஊரில் யாருக்கும் நேரமில்லை. வாசலுக்கு வந்த விருந்தாளியை நிறுத்திவைத்துக் குலம் கோத்திரம் விசாரிக்கிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது.

எந்த ஒயர் யாரைத் தேடி வந்திருக்கிறது என்பது மட்டும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரிந்தது. முதலில் டீக்கடை அர்த்தநாரி வந்தார். கையில் ஒரு தோட்டா. அதைச் சாக்கடை ஓரத்தில் கண்டெடுத்ததாக அவர் சொல்ல, தன்னோடு கூடவே வந்திருந்த பச்சை ஒயரின் நுனியில் நாச்சிமுத்து மாட்டப் பார்த்தால், ஒயர் தூவென்று துப்பிவிட்டது. மறுபடி மாட்டினால் மறுபடி துப்பியது. அர்த்தநாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த துளசிமணியைப் பார்த்து, "கடை தொறந்த வருசம் டியூப்லைட்டு போட நாந்தானுங் புடுங்குனேன்" என்று சொன்னதும், டிக்கென்று ஒரு சத்தம், தோட்டா உட்கார்ந்துகொண்டது, ஒயர் சரசரவென்று சுருங்கிக் காருக்குள் ஏறிக்கொண்டது. துளசிமணி பக்கத்திலிருந்த சீப்பில் ஒரு பூவன்பழத்தைப் பிய்த்து அவருக்குக் கொடுத்தார். அன்றுமுதல் அதுவே முறையாயிற்று: தோட்டாவைக் கொண்டுவருவது, துளசிமணி முன்னால் நின்று உள்ளதை உள்ளபடி சொல்வது, டிக், ஒரு பூவன்பழம். தறிக்காரர் சொன்னார், பூசாரி சொன்னார், ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்து படித்தார். உண்மையைச் சொல்லிவிட்டுப் பழத்தோடு போகிறவர்களின் முகத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்த களை இருந்தது.

வம்பு வந்தது ஒயர் வராத வீடுகளிலிருந்துதான். பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு ஒயர் நிற்க, தன் வாசல் வெறிச்சென்று கிடந்ததைப் பாவாத்தாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை அடுத்த வீட்டில் வைத்துவிட்டுத் தன் வீட்டைத் தாண்டிப் போனால் பத்து வருஷம் பேசாமலிருக்கிற பரம்பரை அவளுடையது. மூன்றாம் நாள் பட்டறைக்கு வந்து, கடையில் வாங்கிய புத்தம்புதுத் தோட்டா ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"நானும் எடுத்தனுங்."

"என்னத்த எடுத்தீங்க, பாவாத்தக்கா?" என்றார் நாச்சிமுத்து.

"என்னமோ ஒண்ணு! ஊரே எடுக்கயில நா மட்டும் எடுக்காம இருந்தன்னு நாளைக்கு ஒறம்பரை சொந்தக்காரங்க முன்னால நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேச மாட்டாங்களா?"

அவளுக்குப் பின்னால் வாசலில் வரிசை நின்றது. ஒரு தப்பும் செய்யாத நாற்பத்து மூன்று குடும்பங்கள், தாங்களும் திருடியதாகச் சத்தியம் செய்துகொண்டு, ஆளுக்கொரு தோட்டாவோடு நின்றார்கள். ஒயர்கள் அத்தனையையும் துப்பின. நல்லவர்கள் என்று நிரூபிக்கப்பட்டவர்கள் கண்கலங்கி நின்றதைப் பார்த்து மனசு கேட்காமல், துளசிமணி அந்த நாற்பத்து மூன்றையும் நூலில் கோத்து மாலையாக்கி, காரின் நெற்றியில் சாத்தினார். அதன்பிறகுதான் பாவாத்தாள் பழம் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமைக்குள் முப்பது ஒயர் வீடு திரும்பிவிட்டன. லைட் எரிந்தது, வைப்பர் ஆடியது, இண்டிகேட்டர் கண்ணடித்தது. பாக்கி ஒன்று, ஹாரனுக்குப் போகும் ஊதா ஒயர்.

அந்த ஊதா ஒயர் எந்த வாசலிலும் நிற்கவில்லை. அது ஒயர்மேன் நாச்சிமுத்துவின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அவர் டீக்கடைக்குப் போனால் டீக்கடைக்கு, முடிவெட்டப் போனால் சலூனுக்கு, கோவிலில் மூன்று சுற்றுச் சுற்றினால் அதுவும் மூன்று சுற்று. புதன்கிழமையிலிருந்தே அப்படித்தான். ஊர் முழுக்கப் பார்த்தது, ஊர் முழுக்கக் காலைத் தூக்கி வழிவிட்டது, ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது வருஷம் மரியாதையாக வாழ்ந்த மனுஷனை எப்படிக் கேட்பது? அவரும், "அதுக்கு அட்ரசு தெரியலீங், சும்மா திரியுது" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். அவர் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பையில், இருபத்திரண்டு வருஷமாக அவர் குளிக்கும்போது மட்டும் இடுப்பைவிட்டுப் பிரிந்த ஹாரன் தோட்டா, கைபட்டுக் கைபட்டுத் தங்கம்போல மின்னிக்கொண்டு கிடந்தது.

செவ்வாய் மத்தியானம், ஊர் சாப்பிடப் போயிருந்த நேரம், பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுத் தோட்டாவை எடுத்து ஒயரிடம் நீட்டினார். "புடிச்சுக்க சாமி. ஆருக்கும் தெரிய வேண்டாம்" என்று கெஞ்சினார். ஒயர் துப்பியது. "எங்கியோ கெடந்துதுன்னு வெச்சுக்க" என்றார். அதற்கும் துப்பியது. உண்மையைச் சொல்ல வேண்டிய ஆளிடம் சொன்னால்தான் அது வாங்கும் என்பது அவருக்குத் தெரியும். முப்பது தடவை பக்கத்திலிருந்து பார்த்தவராயிற்றே. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை வண்டி போகும், வண்டியோடு அந்தம்மாவின் கடலும் போகும்.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஊரே பட்டறை முன்னால் கூடியிருந்தது. துளசிமணி பழச்சீப்பில் கடைசிப் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது.

"உடுங்க ஒயர்மேன். உங்களால ஆனதச் செஞ்சீங்க. ரோட்டோட முடிவப் பாக்க எனக்குக் குடுத்து வெக்கல."

அந்த வாடிய முகம்தான் அவரை அடித்துவிட்டது. பெல்ட்டில் கையை விட்டார்.

"டிரைவரம்மா, இது நா எடுத்ததுங்க. மொதமொதல்ல எடுத்ததே நாந்தானுங்க. டாக்டரம்மா இருக்கறப்பவே, ஆசுபத்திரி வாசல்ல வண்டி நிக்கயில, பானெட்டத் தூக்கி ஆரன் தோட்டாவக் கழட்டிட்டேன். அந்த வாரமே டாக்டரம்மா போயிட்டாங்க, வண்டியும் நின்னுபோச்சு. ஒண்ணு காணாமப் போன எடத்தப் பாத்துத்தான் ஊரே கை வெச்சுது. பாவமெல்லாம் எனக்குத்தானுங்க."

கூட்டம் ஒயரைப் பார்த்தது. ஒயர் அசையவில்லை. தோட்டாவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

"இன்னும் பாக்கி இருக்குதாமா," என்றாள் பாவாத்தாள், ஒயரின் சார்பாக.

"எதுக்குங்க கழட்டுனீங்க?" என்று கேட்டார் துளசிமணி.

"ஆரன் அடிக்கலீன்னா நீங்க வண்டிய எம்பட்டறைக்குக் கொண்டாருவீங்கல்ல." நாச்சிமுத்து தரையைப் பார்த்தார். "கொண்டாந்தா உங்ககூடப் பேசலாம்னு. பேசி... என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேக்கலாம்னு."

டிக்.

தோட்டா உட்கார்ந்தது, ஊதா ஒயர் ஒரே பாய்ச்சலில் காருக்குள் ஏறியது, யாரும் தொடாமலே ஹாரன் ஊர் அதிர ஒரு முழு நிமிஷம் அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு கேட்ட சத்தம் துளசிமணியின் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"டாக்டரம்மாவுக்கு ஆரன் சத்தமே ஆவாதுங்க! பத்து வருசத்துல ஒருக்காக்கூட நா அத அமுத்துனதில்ல. அது போனதே எனக்குத் தெரியாது. ஆக்சிலேட்டர் கம்பியக் கழட்டியிருந்தா அன்னைக்குப் பொழுதுக்குள்ளயே வந்திருப்பேன். இத்தன வருசத்து ஒயர்மேனு, எதக் கழட்டறதுன்னு தெரியலியே!"

கேட்டதற்குப் பதில் என்னவென்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. துளசிமணி எழுந்து, கடைசிப் பழத்தை உரித்து, பாதியை நாச்சிமுத்துவிடம் நீட்டினார். "மொதல்ல எப்சி ஆவட்டும்" என்றார். மீதிப் பாதியைத் தானே தின்றார். அதையே பேசிக்கொண்டிருந்ததில் அன்றைக்கு ஊரில் முக்கால்வாசிப் பேர் சோறு குழைய விட்டார்கள்.

வியாழக்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் லைட்டைப் போட்டுப் பார்த்தார், வைப்பரைப் போட்டுப் பார்த்தார், ஹாரனை ஒருமுறைக்கு இரண்டுமுறை அமுத்தினார். பானெட்டைத் திறந்து ஒயரிங்கைப் பார்த்தவர் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டார். "ஒரு எடத்துலகூட டேப்பு இல்லையே. எங்கீங்க புடிச்சீங்க இத்தன பழைய கனெக்டர?" என்றார். "வாசல் வாசலா," என்றார் துளசிமணி. நெற்றியில் தொங்கிய நாற்பத்து மூன்று தோட்டா மாலையை, சாமி சம்பந்தப்பட்டது என்று நினைத்து, இன்ஸ்பெக்டர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். துளசிமணி இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க" என்றார். நாச்சிமுத்து மாற்று வேட்டிகூட எடுத்து வரவில்லை, இருந்தும் ஏறினார்.

மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், பாம்பன் பாலம் என்று வண்டி போனது. ஆட்டுக்கு ஒரு ஹாரன், மாட்டுக்கு ஒரு ஹாரன், ஒன்றுமே குறுக்கே வராவிட்டாலும் ஒரு ஹாரன் என்று பத்து வருஷத்துப் பாக்கியைத் துளசிமணி வட்டியோடு அடித்துக்கொண்டே போனார். மறுநாள் காலையில், இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் கோடு கிழித்தாற்போல ரோடு, அந்த ரோடும் ஒரு வளைவில் முடிந்துபோயிற்று. மேற்கொண்டு கடல்தான். துளசிமணி எஞ்சினை அணைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கி, சுற்றிவந்து, இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"அந்தப் பக்கம் நவுந்து உக்காருங்க. திரும்பி ஓட்டறது நீங்கதான்."

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே," என்றார் நாச்சிமுத்து. நாற்பது வருஷத்தில் நாலாயிரம் வண்டி பார்த்தவர் அதை முதல்தடவையாக ஒருவரிடம் சொன்னார்.

"தெரியும். பட்டறைக்குள்ள வண்டிய எடுக்கறதுக்குக்கூட ஆளத்தான கூப்புடுவீங்க. அதான் சொல்லிக்குடுக்கறேன்."

"அதுக்கு நாளாகுமுங்களே. ஊடு போயிச் சேர்றதுக்கு மாசமாயிரும்."

"ஆவட்டும்," என்றார் துளசிமணி. "இனி நீங்களும் நானும் ஒரே ஊட்டுக்குத்தான போறோம். ஆரு வழி பாத்துட்டு நிக்கறா? கிளச்ச மிதிங்க."

நாச்சிமுத்து மிதித்தார். கண் நிறைந்து ரோடு மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவு சந்தோஷத்தை அந்த உடம்பு அதற்குமுன் சுமந்ததில்லை. வண்டி மூன்று குதி குதித்து, இருமிவிட்டு நின்றது. சிப்பி விற்றுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"இன்னொருக்கா," என்றார் துளசிமணி.